குடும்பச் சந்தா ரசீதில் என் பெயரும்

அன்புள்ள தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம். இதை முதலில் உங்களுக்கு மின்னஞ்சலாகத்தான் எழுத ஆரம்பித்தேன். எழுத எழுத நீண்டுகொண்டே போனது. வேறு மாநிலத்தில், வேறு சங்கத்தில் இருக்கும் தோழியிடம் படித்துக் காட்டினேன். "எங்க சங்கமும் இப்படித்தான், பொதுவாவே எழுதிடு" என்றாள். அதனால் திறந்த மடலாகிவிட்டது. அமெரிக்காவில் உள்ள நம் தமிழ்ச் சங்கத்தின் பெயரையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் போடவில்லை. உங்களுக்கு என்னைத் தெரியும். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் நிலைக்குப் பாடம் எடுப்பவள். பொங்கல் விழாவில் இருநூறு பேருக்கு வெண்பொங்கல் கிளறும்போது கையைச் சுட்டுக்கொண்டு, ஃப்ரீசரிலிருந்த பட்டாணிப் பையை ஒத்தடமாக வைத்துக்கொண்டு நின்றேனே, அவள்தான்.

விஷயம் இது. மாநிலப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் முதுகலை சேர்ந்தேன். முதல் பருவத்துக்கு வெளிமாநிலத்தார் கட்டணம் கட்டினேன். உள்மாநிலத்தார் கட்டுவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்தப் பணம் இனி திரும்பாது. அதில் பாதி என் தப்பு, கால்வாசி விதிகளின் சிடுக்கு, மீதிக் கால்வாசி நம் சங்கம். கோபத்தில் எழுதவில்லை. கோபமெல்லாம் அக்டோபரிலேயே தீர்ந்துவிட்டது.

ஊரில் அம்மாவிடம் "டியூஷன் ஃபீஸ் ஜாஸ்தி கேக்கறாங்கம்மா" என்று சொன்னபோது, "இந்த வயசுல உனக்கு எதுக்குடி டியூஷன், புத்தகத்தப் பாத்துப் படிச்சுக்கோ" என்றார். எங்கள் ஊரில் டியூஷன் என்றால் கணக்கு வாத்தியார் வீட்டுத் திண்ணைதான். அதிலிருந்து ஆரம்பித்து விளக்க வேண்டியிருந்தது. ஒரே வகுப்பு, ஒரே வாத்தியார், ஒரே பெஞ்சு. ஆனால் மாநிலத்துக்குள் குடியிருப்பவருக்கு ஒரு விலை, வெளியாளுக்கு ஒரு விலை. மாநில மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகம் என்பதால் மாநிலத்தாருக்குச் சலுகை. அந்த நியாயத்தில் எனக்குச் சண்டை இல்லை. மாநிலத்தார் யார் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதில்தான் சிக்கலே.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரருக்கு எச்-1பி வேலை விசா, எனக்கு அவரைச் சார்ந்து வந்த எச்-4 விசா. வேலை மாறி அவர் மார்ச்சில் இந்த மாநிலத்துக்கு வந்தார். மகளுக்குப் பள்ளி முடியட்டும் என்று நானும் அவளும் பழைய ஊரிலேயே இருந்து ஜூனில் வந்து சேர்ந்தோம். வீட்டு லீஸ் அவர் பெயரில். கரண்ட் பில் அவர் பெயரில். இன்டர்நெட், கார், கார் இன்ஷூரன்ஸ் எல்லாம் அவர் பெயரில். எனக்குப் புது மாநிலத்து டிரைவிங் லைசென்ஸ் எடுக்கலாம் என்று ஜூலையில் போனால், "உங்கள் ஐ-94 (இந்த நாட்டில் தங்க அனுமதித்த காலத்தைக் காட்டும் பதிவு) இந்த மாதத்தோடு முடிகிறது, விசா நீட்டிப்பு வந்ததும் வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். நீட்டிப்பு வந்தது அக்டோபரில். லைசென்ஸ் கையில் கிடைத்தது நவம்பரில். ஆக, இந்த மாநிலத்தில் என் பெயர் தாங்கி வந்த முதல் அரசாங்கக் காகிதத்தின் தேதி நவம்பர். நான் வந்து ஐந்து மாதம் கழித்து.

அப்புறம் படிப்பு. கல்லூரியை விட்டுப் பத்து வருஷம் ஆகிவிட்டதால், முதுகலைக்கு முன்னால் இரண்டு அடிப்படைப் பாடங்களை முடித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். அதே பல்கலைக்கழகத்தில் ஜனவரிப் பருவத்தில், பட்டப் படிப்பில் சேராத மாணவியாகப் பதிவு செய்தேன். நிகழ்தகவு மூன்று கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு), நேரியல் இயற்கணிதம் மூன்று கிரெடிட். பதிவுப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு கிரெடிட்டுக்குக் கணினிப் பயிற்சி வகுப்பு ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம், மகள் பள்ளியில் இருக்கும் நேரம். சரி, சும்மா இருக்கும் நேரத்துக்கு இதையும் எடுப்போமே என்று அதையும் சேர்த்துச் சொடுக்கினேன். மொத்தம் ஏழு.

அந்த ஏழுதான் வினையானது.

ஆகஸ்டில் முதுகலைக்கு இடம் கிடைத்துப் பில் வந்தபோது 'வெளிமாநிலத்தார்' என்று போட்டிருந்தது. வசிப்பிடம் முடிவு செய்யும் அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் மிகவும் தன்மையானவர். கோப்பைப் பார்த்துவிட்டு இரண்டு காரணம் சொன்னார். ஒன்று, என் பெயரில் உள்ள சான்றுகள் நவம்பரில்தான் ஆரம்பிக்கின்றன. வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் பன்னிரண்டு மாதம் ஆகவில்லை. இரண்டு, வசந்தப் பருவத்தில் ஆறு கிரெடிட்டுக்கு மேல் படித்திருக்கிறேன். அதனால் அந்தக் காலத்தில் நான் இங்கே இருந்ததே படிப்புக்காகத்தான் என்று எடுத்துக்கொள்வார்களாம், அந்த மாதங்கள் கணக்கில் சேராதாம். "ஆறு எடுத்திருந்தால்?" என்று கேட்டேன். "ஆறு என்றால் இந்தக் கேள்வியே வந்திருக்காது" என்றார். வெள்ளிக்கிழமை மத்தியானத்தை நினைத்துக்கொண்டேன்.

இது ஏதோ ஒரு குமாஸ்தாவின் குறும்பு என்று நினைக்க வேண்டாம். இப்படிக் கோடு போடும் மாநிலங்கள் பல. வாஷிங்டன் மாநிலச் சட்டத்திலேயே இருக்கிறது: ஒரு பருவத்தில் ஆறு கிரெடிட்டுக்கு மேல் பதிவு செய்தவர் முதன்மையாகப் படிப்புக்காக வந்தவர் என்று கருதப்படுவார், வேறு காரணத்துக்காகத்தான் குடிவந்தேன் என்று அவரே நிரூபிக்காவிட்டால் அந்தக் காலம் ஒரு வருஷக் கணக்கில் சேராது. ஆரிகனில் அந்தக் கோடு எட்டு கிரெடிட். படிப்புக்கென்று வந்து, ஒரு வருஷம் விடுதியில் தங்கிவிட்டு, நானும் உள்ளூர்தான் என்று சொல்பவரைத் தடுக்கப் போட்ட கோடு. நியாயமான கோடுதான். ஆனால் கணவனின் வேலை மாற்றத்தால் பிள்ளையோடு குடிபெயர்ந்து, வந்த இடத்தில் படிக்கலாமே என்று யோசித்த பெண்ணும் அதே வலையில்தான் விழுகிறாள். நான் எதற்காக வந்தேன் என்பதை நான் எடுத்த பாடங்களின் எண்ணிக்கையை வைத்துத் தீர்மானிக்கிறார்கள்.

இப்போது நம் சங்கத்துக்கு வருகிறேன்.

அந்த வருஷப் பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையில் நின்றபடி இந்தப் படிப்புப் பேச்சை எடுத்தேன். முன்னால் நின்ற ஒரு அண்ணா, "ஒரு வருஷம் இருந்தாப் போதும்மா, தன்னால இன்-ஸ்டேட் ஆயிடும்" என்றார். பின்னால் நின்ற ஒரு அக்கா, "எச்-4க்கெல்லாம் கெடையவே கெடையாது, ஸ்டூடண்ட் விசா எஃப்-1க்கு மாறிடு, எங்க நாத்தனார் அப்பிடித்தான் பண்ணா" என்றார். இரண்டு பேரும் நல்ல மனசோடு சொன்னார்கள். இரண்டுமே தப்பு. எது சரி என்று சொல்ல அந்த மண்டபத்தில் ஆள் இல்லை. நடைபாதையில் வீட்டுத் தரகர் மேசை இருந்தது, காப்பீட்டு மேசை இருந்தது, தங்க நாணயக் குலுக்கல் இருந்தது, பிள்ளைகளுக்கு எஸ்ஏடி என்னும் கல்லூரிச் சேர்க்கைத் தேர்வுப் பயிற்சி மையத்தின் மேசை இருந்தது. பிள்ளைகளின் கல்லூரிச் செலவைப் பற்றி வருஷத்துக்கு இரண்டு கருத்தரங்கு நடத்துகிறீர்கள். நல்ல விஷயம். அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களும் படிக்கக்கூடும் என்பது நம் நிகழ்ச்சி நிரலில் இதுவரை வந்ததில்லை.

அக்கா சொன்ன 'கெடையவே கெடையாது' எப்படித் தப்பு என்று நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மாநிலங்கள் கேட்பது, இங்கேயே நிலையாகக் குடியிருக்கும் எண்ணம் உனக்கு உண்டா, சட்டப்படி அந்த எண்ணம் உனக்கு இருக்க முடியுமா என்பதைத்தான். எஃப்-1 மாணவருக்கு அது முடியாது. சொந்த நாட்டில் வீடு உண்டு, அதைக் கைவிடும் எண்ணம் இல்லை என்பதுதான் அந்த விசாவின் நிபந்தனையே. அதனால் எஃப்-1இல் இருப்பவர் எத்தனை வருஷம் இங்கே வாடகை கட்டினாலும் பெரும்பாலான மாநிலங்களில் வெளியாள்தான். எச்-1பிக்கு அந்த நிபந்தனையை 1990ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் எடுத்துவிட்டது. அவரைச் சார்ந்து எச்-4இல் இருப்பவருக்கும் அதே நிலைதான்.

இதற்கும் முன்னால், 1982இல், டோல் எதிர் மொரேனோ என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. உலக வங்கி, அமெரிக்க நாடுகளுக்கிடையேயான வளர்ச்சி வங்கி போன்ற அமைப்புகளில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் படித்தார்கள். அந்த அமைப்புகளின் ஊழியர் குடும்பங்களுக்கான ஜி-4 விசா. பல்கலைக்கழகம் உள்மாநிலக் கட்டணம் தர மறுத்தது. மத்தியச் சட்டம் அவர்களை இங்கே குடியிருக்க அனுமதிக்கிறது, அதன் மேல் மாநிலப் பல்கலைக்கழகம் இப்படி ஒரு கூடுதல் சுமையை ஏற்ற முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் எச்-4 இல்லை. ஆனாலும் பல மாநிலங்கள் எச்-1பி, எச்-4 குடும்பங்களை மற்றவர்களைப் போலவே பன்னிரண்டு மாதக் கணக்கில் வைத்துப் பார்க்கின்றன. டெக்சஸ் அப்படி. எல்லா மாநிலமும் ஒரே மாதிரி இல்லை, அவரவர் மாநிலப் பட்டியலைப் பார்த்தாக வேண்டும். கிடையவே கிடையாது என்பது மட்டும் நிச்சயம் பொய்.

அண்ணா சொன்ன 'ஒரு வருஷம் இருந்தாப் போதும்' இன்னும் ஆபத்தானது, பாதி உண்மை என்பதால். ஒரு வருஷம் என்றால் எந்த நாளிலிருந்து, எந்த நாள் வரை? டெக்சஸில், பருவம் தொடங்கிப் பன்னிரண்டாவது வகுப்பு நாளைக் கணக்கெடுப்பு நாள் என்கிறார்கள். அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் அவர்கள் குறித்த வசிப்பிடத் தீர்மான நாளுக்கு முன் 366 நாள். அந்த ஒரு நாளை விட்டவர்களும் உண்டு. வட கரோலினாவில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியே முடிவெடுப்பதில்லை, மாநிலம் முழுவதற்கும் ஒரே சேவைதான் தீர்மானிக்கிறது. சும்மா இருந்தாலும் போதாது. இருந்ததற்குக் காகிதம் வேண்டும், காகிதத்தில் தேதி வேண்டும், அந்தத் தேதிக்குப் பக்கத்தில் உங்கள் பெயர் வேண்டும்.

அங்கேதான் நம் பெண்கள் மாட்டிக்கொள்கிறார்கள். படிவம் கேட்கும் சான்றுகளின் பட்டியலைப் பாருங்கள்: சம்பளச் சீட்டு, வேலை தருபவரின் கடிதம், லீஸ், வாகனப் பதிவு, லைசென்ஸ், வாக்காளர் பதிவு, மாநில வருமான வரி. வேலை அனுமதி இல்லாத எச்-4க்குச் சம்பளச் சீட்டு ஏது? லீஸில் பெயர் இல்லை. லைசென்ஸ் ஐ-94ஐப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. டெக்சஸ், ஃப்ளோரிடா மாதிரி ஊரில் மாநில வருமான வரியே கிடையாது, எதைக் காட்டுவது?

வாக்காளர் பதிவைப் பற்றி மட்டும் கொஞ்சம் உரக்கச் சொல்ல வேண்டும். லைசென்ஸ் எடுக்கும் இடத்திலேயே வாக்காளராகவும் பதிவு செய்துகொள்ளும் வழி 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. 'இதுவும் ஒரு ஆதாரமாச்சே' என்று ஆசைப்பட்டு யாரும் அந்தக் கட்டத்தில் டிக் அடித்துவிடக் கூடாது. குடியுரிமை இல்லாதவர் தன்னைக் குடிமகன் என்று சொல்லிப் பதிந்தால், கட்டணம் இருக்கட்டும், பச்சை அட்டைக்கே உலை. நாடு கடத்தும் அளவுக்குப் போகும். அந்தப் பட்டியல் குடிமக்களையும் மனத்தில் வைத்துப் போட்டது. அதில் உள்ள எல்லாம் நமக்கானவை அல்ல. இதை ஒரு வரியில் யாராவது மைக்கில் சொன்னால்கூடப் போதும்.

என் வழக்கில் நடந்தது இது. ஜூனிலிருந்து நவம்பர் வரை என் பெயர் உள்ள ஒரு காகிதம் கிடைக்காதா என்று வீடு முழுக்கத் துழாவினேன். வரித்தாளில் இருவர் பெயரும் இருந்தது, ஆனால் மாநிலத்துக்கு வந்த தேதி என்று அவர் வந்த மார்ச்சைப் போட்டிருந்தோம். "மார்ச்சா ஜூனா, எது உண்மை?" என்ற கேள்விதான் மிச்சம். நூலக அட்டையில் தேதி இல்லை. அப்போதுதான் நம் சங்கத்தின் நினைவு வந்தது. ஜூலையில் குடும்பச் சந்தா கட்டியிருந்தோம். செப்டம்பரிலிருந்து தமிழ்ப் பள்ளியில் நான் பாடம் எடுத்திருந்தேன். ரசீதைத் தேடி எடுத்தேன். அவர் பெயர், பக்கத்தில் 'குடும்பம் (3)'. அந்த மூன்றில் ஒன்று நான். ஆசிரியர் பட்டியலைக் கேட்டேன், வாட்சாப் குழுவில்தான் இருக்கிறது என்றார்கள். சரி, இன்ன தேதியிலிருந்து சங்கத்தில் பாடம் நடத்துகிறார் என்று ஒரு கடிதம் தாருங்கள் என்று எழுதினேன். இப்படிக் கடிதம் கொடுக்கலாமா என்று செயற்குழுவில் பேச வேண்டும் என்றீர்கள். மூன்று வாரம் ஆனது. வந்த கடிதத்தில் 'திருமதி' போட்டு வீட்டுக்காரரின் பெயர் இருந்தது.

மேல்முறையீட்டுக்குக் கடைசி நாள், அந்தக் கடிதம் வருவதற்கு நான்கு நாள் முன்பே போய்விட்டது. கடிதத்துக்காகக் காத்திருந்தது என் தப்புதான். இருப்பதை வைத்து முதலில் விண்ணப்பித்துவிட்டு, மீதியைப் பிறகு கொடுத்திருக்கலாம். யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அடுத்த பருவத்துக்குத் திரும்ப விண்ணப்பித்தேன்.

கடைசியில் என்னைக் காப்பாற்றியது மகளின் பள்ளிச் சேர்க்கைப் படிவம். ஆகஸ்ட் 11ஆம் தேதியிட்டு, முகவரியோடு, நான் கையெழுத்துப் போட்டது. பிள்ளையைச் சேர்க்கும்போது மட்டும் அம்மாவின் பெயரைக் கேட்கிறார்கள் பாருங்கள். அதோடு, வீட்டுக்காரரின் கம்பெனி கொடுத்த வேலை மாற்றக் கடிதத்தையும் இணைத்து, நாங்கள் குடிவந்தது வேலைக்காக, படிப்புக்காக அல்ல என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஏழு கிரெடிட் விவகாரம் அதோடு அடங்கியது. இந்தப் பருவத்திலிருந்து நான் உள்மாநிலத்தாள். பழைய பருவத்துக்கு முன்தேதியிட்டு மாற்ற மாட்டார்களாம்.

அந்த ஒரு பக்கத்தை எழுத உட்கார்ந்தபோதுதான் இன்னொரு வழக்கைப் படித்தேன். 1973, விளாண்டிஸ் எதிர் க்ளைன். கலிஃபோர்னியாவில் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குக் கனெக்டிகட்காரரோடு கல்யாணம் நிச்சயமாகிறது. கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிறாள், இடம் கிடைக்கிறது, கல்யாணம் முடிந்து புருஷன் ஊருக்கே வந்து குடியேறுகிறாள். அந்த மாநிலத்து லைசென்ஸ், அந்த மாநிலத்தில் பதிந்த கார், அந்த மாநிலத்து வாக்காளர். ஆனால் அப்போதைய சட்டம் என்ன சொன்னது தெரியுமா? விண்ணப்பித்த நாளில் உன் முகவரி வெளிமாநிலம், ஆகவே படிப்பு முடியும்வரை நீ வெளியாள்தான், மாற்றிக்காட்ட வழியே இல்லை. அவளோடு வழக்குப் போட்ட இன்னொரு பெண், ஒஹாயோவிலிருந்து பட்டமேற்படிப்புக்கு வந்தவர். உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை அடித்துவிட்டது. உண்மையில் இங்கே குடியிருக்கிறேன் என்று காட்ட மாணவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தே ஆக வேண்டும் என்றது. அதே தீர்ப்பு, ஒரு வருஷம் காத்திருக்கச் சொல்லும் விதியைத் தொடவில்லை. இன்று ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் 'வகைப்பாட்டை மாற்றக் கோரும் மனு' என்று ஒரு படிவம் இருக்கிறதே, அதை நிரப்பும்போதெல்லாம் புகுந்த வீட்டுக்கு வந்த அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்வேன். வெளியூர்க்காரி என்று நெற்றியில் ஒட்டிய சீட்டை உரிக்க அவள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறாள். எனக்குப் பத்துப் பக்க மனுவோடு முடிந்தது.

அக்கா சொன்ன 'எஃப்-1க்கு மாறிடு' பற்றியும் சொல்லாமல் விட முடியாது. அதில் விவரம் இருக்கிறது, குருட்டு யோசனை இல்லை. எச்-4இல் இருந்தபடியே முழுநேரமோ பகுதிநேரமோ படிக்கலாம், விசா மாற வேண்டியதில்லை. உள்மாநிலக் கட்டணத்துக்கு வழி திறந்திருக்கும். ஆனால் வேலை அனுமதி இல்லை. பட்டமேற்படிப்பில் கட்டணத்தை அடியோடு குறைப்பது ஆசிரிய உதவியாளர், ஆய்வு உதவியாளர் பதவிதான். அது சம்பள வேலை, எச்-4 அதைத் தொடக்கூட முடியாது. 2015இல் வந்த விதிப்படி சிலருக்கு வேலை அனுமதி கிடைக்கிறது. எச்-1பியில் இருக்கும் கணவருக்கோ மனைவிக்கோ ஐ-140 (பச்சை அட்டைக்கான மனு) ஒப்புதல் ஆகியிருக்க வேண்டும், அல்லது ஆறு வருஷத்துக்கு மேல் எச்-1பி நீண்டிருக்க வேண்டும். எஃப்-1க்கு மாறினால் அந்தப் பதவிக்கு விண்ணப்பிக்கலாம், படிப்பு முடிந்ததும் ஓபிடி என்னும் தற்காலிக வேலை அனுமதியில் வேலை பார்க்கலாம். அதற்கு விலை, வெளிமாநிலத்தார் என்ற முத்திரையும், ஒவ்வொரு பருவமும் முழுநேரப் பாடச்சுமையும். பல இடங்களில் அது ஒன்பது கிரெடிட். மகளுக்குக் காய்ச்சல் என்று ஒரு பாடத்தைக் கைவிட நினைத்தால்கூடப் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தின் அனுமதி முதலில் வேண்டும். கேட்காமல் கைவிட்டால் விசா நிலையே போய்விடும்.

இதிலும் ஊருக்கு ஊர் வித்தியாசம். டெக்சஸில் படிப்போடு தொடர்புள்ள உதவியாளர் பதவியில் அரைநேரமாவது வேலை பார்க்கும் வெளிமாநில மாணவருக்கு உள்மாநிலக் கட்டணமே போதும். பல்கலைக்கழகம் போட்டிமுறையில் வழங்கும் உதவித்தொகை குறைந்தது 1,000 டாலர் கிடைத்தாலும் அந்தச் சலுகைக்குத் தகுதி உண்டு. (நாம் விழா மேடையில் சால்வை போர்த்திக் கொடுக்கும் காசோலை அதில் சேராது, அது பல்கலைக்கழகத்தின் குழு கொடுப்பதாக இருக்க வேண்டும்.) கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பொதுவான முதுகலை, முனைவர் படிப்புகளில் வெளியாள் கூடுதலாகக் கட்டுவது வருஷத்துக்கு 15,102 டாலர். முனைவர் பட்ட மாணவர் தகுதிநிலைத் தேர்வைத் தாண்டிவிட்டால் அதிகபட்சம் மூன்று வருஷத்துக்கு அது முழுக்கத் தள்ளுபடி. எஃப்-1இல் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு இந்தக் கடைசித் தகவல் தெரிந்தால், எப்போது அந்தத் தேர்வை எழுதுவது என்பதையே வேறு மாதிரி திட்டமிடுவார்கள்.

ஆக, மாறுவதா வேண்டாமா என்பது ஒரு குடும்பம் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து போட வேண்டிய கணக்கு. எனக்கு எச்-4இல் இருப்பதே சரிப்பட்டது. இன்னொருத்திக்கு மாறுவது சரிப்படலாம். சாப்பாட்டு வரிசையில் தீர்மானிக்கிற விஷயம் இல்லை.

எச்-4 பிள்ளைகளுக்கு இருபத்தொரு வயது ஆனதும் அந்த விசாவே போய்விடுகிறது, இங்கேயே வளர்ந்த பிள்ளை ஒரே நாளில் பன்னாட்டு மாணவராகிக் கட்டணமும் எகிறலாம் என்பது உங்களில் பலருக்கு வீட்டுக்கவலை. அதைப் பற்றிப் பேசப் போன வருஷம் ஒரு வழக்கறிஞரை அழைத்திருந்தீர்கள். மண்டபம் நிரம்பி வழிந்தது. அதே வழக்கறிஞரிடம் இன்னும் அரைமணி நேரம் கேட்டிருந்தால் அம்மாக்களுக்கும் விடை கிடைத்திருக்கும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. புதிதாகக் குடிவரும் குடும்பங்களுக்கு நாம் கொடுக்கும் வரவேற்புப் பையில் மளிகைக் கடைக் கூப்பன், கோயில் நேரம், பிள்ளைகள் மருத்துவர் பட்டியல் எல்லாம் இருக்கிறது. அதில் இன்னும் ஒரு தாள் வையுங்கள். வந்த வாரமே லீஸில் இருவர் பெயரையும் சேர்க்கச் சொல்லி, ஏதாவது ஒரு பில்லையாவது மனைவி பெயரில் எடுக்கச் சொல்லி, கூட்டு வங்கிக் கணக்கு திறக்கச் சொல்லி, லைசென்ஸுக்குத் தாமதிக்காமல் போகச் சொல்லி, மறுத்து அனுப்பினால் அந்தத் தேதியையும் காரணத்தையும் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லி. முதல் வருஷத்தில் பாடம் எடுக்க நினைப்பவர், மாநிலத்தின் கிரெடிட் கோடு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பதிவு செய்யச் சொல்லி. தாளை நான் எழுதித் தருகிறேன். நம் மாநில விதிகளை வரிக்கு வரி படித்துவிட்டேன், அந்தப் படிப்புக்குத்தான் ஒரு பருவக் கட்டணம் கட்டியிருக்கிறேனே.

விழாவில் ஒரு மேசையும் வேண்டும். வீட்டுத் தரகர் பக்கத்தில் இருந்தால் நல்லது, புதிதாக வந்தவர்கள் முதலில் அங்கேதான் நிற்கிறார்கள். சட்ட ஆலோசனை சொல்லப் போவதில்லை. எந்த அலுவலகம், எந்தப் படிவம், எந்தக் கடைசி நாள் என்று மட்டும் காட்டுவோம். கணக்கியல் முதுகலையில் இதே பாடுபட்ட இன்னொரு பெண்ணும், செவிலியர் மேற்படிப்பில் சேர்ந்த ஒருவரும் உட்காரச் சம்மதித்திருக்கிறார்கள். மடக்கு மேசையும் நாற்காலியும் நாங்களே கொண்டுவருகிறோம்.

அப்புறம் சந்தா ரசீது. வரும் ஏப்ரலில் புதுப்பிக்கும்போது, குடும்பச் சந்தாவில் கணவன், மனைவி இருவர் பெயரையும் முழுதாக, முகவரியோடும் தேதியோடும் அச்சடித்துக் கொடுங்கள். தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுப்பவர்களுக்கு வருஷ ஆரம்பத்திலேயே அவரவர் பெயரில் ஒரு நியமனக் கடிதம் கொடுங்கள். இதைத் தீர்மானிக்க மூன்று வாரம் ஆகாது என்று நம்புகிறேன். என் விண்ணப்பத்தை ஏற்கெனவே பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன். 'உறுப்பினர் பெயர்' என்ற கட்டத்தில் இடம் போதாமல் ஓரத்தில் எழுதியிருப்பேன், கவனித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
இரண்டாம் நிலை ஆசிரியை